டெல்ஃப்ட் நீலப் பண்டங்கள்: கோளாறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர்ப் பாணியில் தட்டு, குவளை, சுவர் ஓடு செய்து கையால் நீலம் தீட்டுகிறவர்களுக்கான பிழை நீக்கும் குறிப்பு இது. சூளையைத் திறந்ததும் கண்ணில் படுவது கிளேஸும் (சூட்டில் உருகிக் கண்ணாடிப் படலமாகும் பூச்சு) நீலமும்தான். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் பழி முதலில் கிளேஸ் வாளியின் மேல் விழும். ஆனால் ஊசித்துளை, மயிரிழை வெடிப்பு, விளிம்பு உதிர்வு எல்லாம் பெரும்பாலும் மண்ணிலோ முதல் சூட்டிலோ பிறந்தவை. கலவையை மாற்றுவதற்கு முன் மண்ணையும் முதல் சூட்டையும் பாருங்கள். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி நன்றாக வந்துவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

முதலில், உங்கள் முறை எது?

டெல்ஃப்ட் என்ற பெயரில் இரண்டு வேறு முறைகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் முறையில் மண்பண்டத்தை ஒருமுறை சுட்டு, வெள்ளீய ஆக்சைடு கலந்த ஒளிபுகா வெள்ளைக் கிளேஸில் முக்கி, அது காய்ந்ததும் சுடாத அந்தத் தூள் பரப்பின் மேலேயே தீட்டி, மறுபடி சுடுவார்கள். இன்னொன்று, சுட்ட வெள்ளை மண்ணின் மேல் நேரடியாகத் தீட்டி, அதன்மேல் கிளேஸ் போட்டுச் சுடுவது. சூட்டில் அந்தக் கிளேஸ் கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் உள்ள ஓவியத்தைக் காட்டும். அதனால் அதைத் தெளிகிளேஸ் என்போம். 1653இல் தொடங்கிய ‘டி போர்செலைனே ஃப்ளெஸ்’ பட்டறை, 1876இல் யோஸ்ட் தூஃப்ட் கைக்கு வந்த பிறகு இந்த வழிக்குத்தான் திரும்பியது. ஃப்ரீஸ்லாந்தில் மக்கம் ஊரின் டிஹெலார் பட்டறை பழைய வெள்ளீய முறையை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது.

கீழே வருபவை பெரும்பாலும் பழைய முறைக்கானவை. இரண்டாவது முறைக்கென்றே உள்ள ஒரு கோளாறைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க அளவு

மண்: சலித்த செம்மண் களி 78, நைஸான கால்சியம் கார்பனேட் தூள் 22 (உலர் எடை). முதல் சூடு 1060 முதல் 1080 டிகிரி செல்சியஸ்.

கிளேஸ்: ஈயமில்லாத போரான் ஃபிரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 72, ஃபெல்ட்ஸ்பார் 13, சைனா கிளே (வெள்ளைக் களி) 10, சிலிக்கா 5. இந்த நூறுக்கு மேல் வெள்ளீய ஆக்சைடு 8, பெண்டனைட் (மிக நைஸான ஒட்டும் களி) 1.5. இரண்டாம் சூடு 1030 முதல் 1050 டிகிரி. உச்சத்தில் 15 முதல் 20 நிமிடம் நிறுத்த வேண்டும்.

ஃபிரிட்டுக்கு ஃபிரிட் உருகுநிலை மாறும் என்பதால் சோதனை ஓட்டில் பார்க்காமல் நல்ல பண்டத்தில் போட வேண்டாம். இரண்டாம் சூடு முதல் சூட்டைவிடக் குறைவாக இருப்பது தவறுதலாக வந்ததல்ல. காரணம் ஊசித்துளைப் பகுதியில் வருகிறது.

தீட்டும்போதே தெரியும் கோளாறுகள்

தூரிகையோடு கிளேஸும் பெயர்ந்து வருகிறது

காய்ந்த கிளேஸ் வெறும் தூள் படலம். பிடிப்பு போதாவிட்டால் ஈரத் தூரிகை பட்டதும் உரிந்துவிடும். பெண்டனைட்டை 2 வரை ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் சிஎம்சி (செல்லுலோஸ்) பசையை உலர் எடையில் 0.3 முதல் 0.5 விழுக்காடு, முந்தின நாளே வெந்நீரில் ஊறவைத்துச் சேருங்கள். அதற்கு மேல் போனால் படலம் இறுகி, காயும்போது வெடிக்கத் தொடங்கும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை தேய்த்தால் எந்தக் கிளேஸும் பெயரும். அது கலவையின் குற்றமல்ல, கையின் குற்றம்.

கோடு பாதியில் வறண்டு நின்றுவிடுகிறது

சுடாத கிளேஸ் மை ஒற்றும் தாளைப்போல் ஈரத்தை உறிஞ்சும். இந்த முறையில் அழித்து எழுத முடியாமல் போவதும் அதனால்தான். நீளமான மயிர் உள்ள, நிறைய நீர் தாங்கும் தூரிகையை எடுங்கள். டச்சுப் பட்டறைகளில் ‘ட்ரெக்’ என்று சொல்லும் புறக்கோட்டுக்கு மெல்லிய நீள் தூரிகையே பழக்கம். நிறக் கலவையில் சில சொட்டு கிளிசரின் சேர்த்தால் ஓட்டம் கூடும். கிளேஸில் முக்கிய அன்றைக்கே, படலத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தீட்டினாலும் கோடு நீளும். ஒரு வாரம் காய்ந்த பண்டத்தில் தீட்டுவதானால், அடிப்பக்கத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

தவறிப்போன கோட்டைக் கத்தி முனையால் சுரண்டலாம். ஆனால் சுரண்டிய குழியைக் கெட்டியான கிளேஸால் நிரப்பாவிட்டால் அந்த இடம் மங்கிய தழும்பாகத் தெரியும். சிறு பிசகு என்றால் அதை ஓர் இலையாக்கிவிடுவது மேல்.

கரித்தூள் கோடு பூசிப் போகிறது

ஓவியத்தை ஊசியால் துளைத்த தாளைப் பண்டத்தின் மேல் வைத்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டிப் புள்ளிக் கோடு எடுப்பது ‘ஸ்போன்ஸ்’. அடுப்புக்கரியை நைஸாக அரைத்து, இரட்டைத் துணியில் கட்டித் தட்டுங்கள், தேய்க்கக் கூடாது. மிச்சத்தை ஊதிவிட்டால் போதும், கரி சூளையில் எரிந்து போய்விடும். பென்சில் கோடு முழுதாக மறையும் என்று எல்லா நேரமும் நம்ப முடியாது. கரிதான் பத்திரம்.

சூளை திறந்ததும் தெரியும் கோளாறுகள்

கிளேஸ் ஒதுங்கி வெறும் மண் தெரிகிறது

ஓரங்கள் உருண்டு தடித்து, நடுவில் மண் தெரிந்தால் கிளேஸ் உருகும்போது சுருங்கி ஒதுங்கியிருக்கிறது. வெள்ளீயம் சேர்ந்த கிளேஸ் உருகினாலும் தளதளவென்று ஓடாது. சிறு விரிசல் இருந்தாலும் அதை மூடிக்கொள்ளாமல் விலகிப் போகும். காரணத்தைப் பிரிக்க, ஒதுங்கிய இடம் எங்கே என்று பாருங்கள்.

விரல் பிடித்த இடத்திலோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் எண்ணெய்ப்பசை அல்லது தூசு. முக்குவதற்கு முன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். உள் மூலை, கைப்பிடி ஒட்டிய இடம் என்று கிளேஸ் தேங்கும் பகுதியில் மட்டும் இருந்தால் படலம் தடிமன். சுடாத படலத்தை ஊசியால் கீறிப் பார்த்தால் தடிமன் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு சரி. ஒன்றரையைத் தாண்டினால் ஒதுங்கும். ஒரு லிட்டர் கிளேஸ் 1450 முதல் 1500 கிராம் எடை இருக்கட்டும், முக்குவது இரண்டு மூன்று விநாடி. காய்ந்த படலத்தின் மேல் இரண்டாவது முறை முக்குவதைத் தவிருங்கள். அடிப்படலம் ஈரமேறி உப்பிப் பிரியும்.

காயும்போதே சேற்று வெடிப்புப்போல் கோடு தெரிந்தால், தீட்டுவதற்கு முன்பே விரலால் மெல்லத் தேய்த்து மூடுங்கள். தீட்டிய பிறகு அதைச் செய்ய வழியில்லை. இது திரும்பத் திரும்ப வந்தால் சைனா கிளேயில் பாதியை 700 டிகிரிக்கு மேல் சுட்டுச் சேருங்கள். பச்சைக் களி காயும்போது சுருங்கும். சுட்டது அவ்வளவு சுருங்காது.

ஊசித்துளைகள்

கிளேஸை மாற்றி மாற்றிப் பலர் வீணாக அலைவது இந்த இடத்தில்தான். சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) சேர்ந்த மண் சுடும்போது சுமார் 700 முதல் 900 டிகிரிக்குள் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். முதல் சூடு குறைவாகவோ வேகமாகவோ இருந்தால் அந்த வாயுவின் மிச்சம் இரண்டாம் சூட்டில், கிளேஸ் உருகி மூடிய பிறகு, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். குமிழ் உடைந்த குழியை வெள்ளீயக் கிளேஸ் தானாக நிரப்பிக்கொள்ளாது. ஆகவே வாயு முழுவதும் முதல் சூட்டிலேயே போய்விட வேண்டும்.

முதல் சூட்டை இரண்டாம் சூட்டைவிட 20 முதல் 30 டிகிரி கூடுதலாக வையுங்கள். 700 முதல் 900 வரை மணிக்கு 80 முதல் 100 டிகிரி வேகத்தில் மெதுவாக ஏற்றுங்கள். காற்றுத் துளையை அதுவரை மூட வேண்டாம். அதிகச் சூட்டில் பண்டம் இறுகி, கிளேஸை உறிஞ்சாமல் போகுமோ என்ற பயம் சுண்ணாம்பு சேராத வெறும் செம்மண்ணுக்குச் சரி. சுண்ணாம்பு மண்ணுக்கு அந்தப் பயம் தேவையில்லை. 1060 டிகிரி தாண்டியும் அது நுண்துளையோடு இருக்கும்.

முதல் சூடு சரியாக இருந்தும் துளை வந்தால், பண்டத்தின் மேல் படிந்த தூசு, முக்கும்போது சிக்கிய காற்று, உச்சச் சூட்டில் நிறுத்தாமை ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்.

ஒன்றிரண்டு துளை மட்டும் என்றால் சிஎம்சி கலந்த கெட்டிக் கிளேஸை ஊசியால் நிரப்பி மறுபடி சுடலாம். நீலம் சற்று மென்மையாகும், அவ்வளவுதான்.

நீலம் கலங்கிக் கோடு கரைகிறது

நீலம் தரும் கோபால்ட் வெறும் நிறமி மட்டுமல்ல, கிளேஸை இளக்கும் பொருளும்கூட. கனமாகப் போட்ட இடத்தில் கிளேஸ் நீர்த்து ஓடும். செங்குத்தான பக்கத்தில் கோடு கீழே இழுத்திருந்தால் சூடு அதிகம் அல்லது கிளேஸ் இளக்கம். உச்சச் சூட்டை 10 டிகிரி குறைத்துப் பாருங்கள். பிறகு சைனா கிளேயை 2 கூட்டுங்கள். தட்டின் கிடைமட்டப் பரப்பிலும் கோடு பனிபோல் பரவினால், ஓவியத்தின் மேலே தெளித்த தெளிகிளேஸ் (பின்னால் வரும் ‘க்வார்ட்’) தடிமனாகிவிட்டது என்று அர்த்தம்.

நீலம் கறுத்து, சொரசொரப்பாக அல்லது உலோகப் பளபளப்போடு இருக்கிறது

தீட்டும்போது கோபால்ட் கறுப்பாகத்தான் தெரியும். நீலம் சூளையில்தான் பிறக்கிறது. அதனால் புதிதாகத் தீட்டுகிறவர்கள் கண்ணுக்கு அடர்த்தி போதும் என்று தோன்றும்வரை பூசிவிடுகிறார்கள். சுட்டால் கரித்தார்போல் வரும். கோபால்ட் ஆக்சைடு 1 பங்கு, ஃபிரிட் 2 பங்கு, சைனா கிளே அரைப் பங்கு என்று கலந்து நீரில் அரையுங்கள். அதிலிருந்து மூன்று கிண்ணம்: கோட்டுக்குக் கெட்டியாக, நடுத்தர நிழலுக்கு நீர்த்ததாக, பின்னணிக்கு வெறும் சாம்பல் நிறக் கழுவல்போல். ஒவ்வொன்றிலும் ஒரு தீற்றல் போட்ட சோதனை ஓட்டை மேசையில் வைத்துக்கொண்டு தீட்டுங்கள். கோபால்ட் அடியில் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கலக்குங்கள்.

நீலப் புள்ளிகள் மிளகுபோல் சிதறியிருந்தால் அரைத்தது போதவில்லை. கண்ணாடிப் பலகையில் குழவியால் இன்னும் கால் மணி நேரம் அரைத்தால் சரியாகும். உலர்ந்த கோபால்ட்டைக் கையாளும்போது மூக்குக் கவசம் கட்டாயம். அரைப்பது எப்போதும் ஈரமாகவே.

நீலம் கண்ணைக் கூசுகிறது

இது கோளாறு அல்ல, சுத்தம் கூடிப்போனதன் விளைவு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிச் சுரங்கங்களிலிருந்து டச்சுக்காரர்களுக்குக் கிடைத்த கோபால்ட்டில் இரும்பு, நிக்கல் போன்ற கலப்பு இருந்தது. அதனால் நிறம் கொஞ்சம் சாம்பல் தட்டி அடங்கி நின்றது. இன்றைய தூய ஆக்சைடுக்கு அந்த அடக்கம் இல்லை. கோபால்ட் ஆக்சைடு 100க்குச் சிவப்பு இரும்பு ஆக்சைடு 15, மாங்கனீஸ் டை ஆக்சைடு 5 சேர்த்துத் தொடங்குங்கள். இரும்பை 30க்கு மேல் ஏற்றினால் நீலம் அழுக்காகும்.

வெள்ளை வெள்ளையாக இல்லை

மண்ணின் செம்மை மேலே தெரிந்தால் படலம் மெல்லிசு, அல்லது வெள்ளீயம் 5க்குக் கீழே போய்விட்டது. விலைக்குப் பயந்து வெள்ளீயம் முழுவதையும் ஜிர்கோனியம் சிலிகேட்டாக மாற்றுகிறவர்கள் உண்டு. வெண்மை வரும், ஆனால் அது சுண்ணாம்படித்த சுவரின் வெண்மை. பழைய டெல்ஃப்டின் இளகிய வெண்மை வராது. பாதிக்குப் பாதி கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ரோஜா நிறச் சாயல் ஒரு பக்கமாக ஏறியிருந்தால் அதே சூளையில் குரோமியப் பச்சை பூசிய பண்டம் இருந்ததா என்று பாருங்கள். குரோமியம் ஆவியாகி வெள்ளீயத்தோடு சேர்ந்தால் இளஞ்சிவப்பு பிறக்கும். இரண்டையும் ஒரே சூளையில் வைக்கவே கூடாது. பச்சைச் சாயல் என்றால் பக்கத்தில் செப்பு.

சாம்பல் நிறம், கரும் மூட்டம் வந்தால் சூளைக்குள் காற்று போதவில்லை. வெள்ளீயக் கிளேஸுக்கு ஆக்சிஜன் நிறைந்த சூடு வேண்டும். டெல்ஃப்டின் விறகுச் சூளைகளில் பண்டங்களை மூடிய மண்பெட்டிகளுக்குள் அடுக்கிச் சுட்டது புகையும் சாம்பலும் படாமலிருக்கத்தான். மின்சூளையிலும் மெழுகு, பசை அதிகம் எரிந்தால் இதே மூட்டம் வரலாம்.

பளபளப்பு இல்லை, ஓவியம் மேலே ஒட்டிவைத்ததுபோல் இருக்கிறது

சூடு குறைந்திருந்தால் வெள்ளைப் பரப்பும் மங்கியிருக்கும். வெள்ளை மின்னுகிறது, நீலம் மட்டும் வறண்டிருக்கிறது என்றால் விட்டுப்போனது ‘க்வார்ட்’. தீட்டி முடித்த ஓவியத்தின் மேல் மெல்லிய தெளிகிளேஸை தூரிகையால் தெளிப்பதற்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. 1640களில் மிங் ஆட்சி சரிந்து சீனப் பீங்கான் வரத்துக் குறைந்தபோது, அந்த இடத்தைப் பிடிக்க டெல்ஃப்ட் பட்டறைகள் போட்டியிட்டன. பீங்கானின் ஆழமும் மினுக்கமும் மண்பண்டத்தில் வந்ததற்கு இந்தப் படலத்துக்குப் பெரிய பங்குண்டு. இன்று பலர் தவிர்த்துவிடும் வேலையும் இதுதான். எங்கள் கணக்கில் டெல்ஃப்டையும் சாதாரண நீல ஓவியத்தையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு தெளிப்பு.

அன்றைய க்வார்ட் ஈயக் கிளேஸ். உணவுப் பண்டத்துக்கு அது ஆகாது. ஈயத்தூள் செய்கிறவருக்கும் நஞ்சு. ஈயமில்லாத தெளி ஃபிரிட் 90, சைனா கிளே 10 எடுத்து, மிக நைஸாக அரைத்து, லிட்டருக்கு 1250 கிராம் அளவில் நீர்த்து, தெளிப்பானால் இரண்டு முறை மட்டும் தெளியுங்கள். தூரிகையால் பூசினால் அடியில் உள்ள கோபால்ட் கலைந்து நீலக் கறை பரவும். சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெரிந்தால் தெளிப்பானைத் தள்ளிப் பிடியுங்கள்.

தெளிகிளேஸ் முறையில் மட்டும்: நீலக் கோட்டின் மேல் கிளேஸ் நிற்க மறுக்கிறது

சுட்ட மண்ணில் தீட்டி மேலே கிளேஸ் போடும் முறையில், கனமான கோபால்ட் கோடோ அதில் கலந்த பசையோ கிளேஸை ஒட்டவிடாது. முக்கும்போது நிறம் கரைந்து வாளியும் நீலமாகும். தீட்டியதை 600 முதல் 700 டிகிரியில் ஒருமுறை தனியாகச் சுட்டுப் பசையை எரித்துவிட்டு முக்குங்கள். நிறத்தில் ஃபிரிட் கொஞ்சம் இருந்தால் கோடு மண்ணில் பிடித்துக்கொள்ளும்.

ஓடு வளைந்துவிட்டது

பழைய டச்சு ஓடு சுமார் 13 செ.மீ. சதுரம். களியைச் சட்டத்தில் உருட்டி, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி உருட்டி, ஆணி பதித்த பலகையை அளவாக வைத்து வெட்டுவார்கள். பழைய ஓட்டின் மூலைகளில் தெரியும் ஊசிக்குழிகள் அந்த ஆணியின் தடம். அந்த இரண்டாவது உருட்டல்தான் வளைவைத் தடுக்கிறது. வெட்டிய ஓட்டை விரலால் தூக்காதீர்கள். பலகையோடு கவிழ்த்து மாற்றுங்கள். இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு நடுவே மெதுவாகக் காயட்டும். நேராகக் காய்ந்த ஓடு சூளையில் வளைந்தால் சூடு மிஞ்சிவிட்டது. சுண்ணாம்பு மண் 1100 டிகிரியைத் தாண்டினால் திடீரென்று தளரும். அதற்கு எச்சரிக்கை எதுவும் இருக்காது.

தட்டின் அடியில் மூன்று தழும்புகள் இருப்பது கோளாறல்ல. மண்பெட்டிக்குள் முக்கோண ஊசிகள் தாங்கிய இடம் அது. ஊசி முனையை மழுங்கவிட்டால் மட்டும் தழும்பு பெரிதாகும்.

நாள் கழித்துத் தெரியும் கோளாறுகள்

மயிரிழை வெடிப்பு

ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கும். இந்த வேலைக்குச் சுண்ணாம்பு மண்ணைத் தேடுவதே இதற்காகத்தான். சுண்ணாம்பு சேர்ந்த மண் ஆறும்போது அதிகம் சுருங்குவதால் கிளேஸ் இழுபடாமல் லேசான அழுத்தத்தில் நிற்கும். டெல்ஃப்ட் குயவர்கள் தங்கள் ஊர்க் களியோடு இன்றைய பெல்ஜியத்தின் டூர்னே பக்கத்துச் சுண்ணக் களியை வரவழைத்துக் கலந்தார்கள்.

வெடிப்பு சூளை திறந்த அன்றே தெரிந்தால் மண்ணில் கால்சியம் கார்பனேட்டை 3 முதல் 5 கூட்டுங்கள். மண்ணை மாற்ற முடியாத நிலையில் கிளேஸில் சிலிக்காவை 3 முதல் 5 ஏற்றுங்கள். பல வாரம் கழித்து வந்தால் நுண்துளை மண் ஈரத்தை இழுத்து உப்பியிருக்கிறது. முதல் சூட்டை 20 டிகிரி உயர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் ஓர் ஓட்டைக் கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் மாற்றி மாற்றி ஐந்து முறை முக்கி, மையைத் தடவித் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு விழுந்த பண்டத்தை மறுபடி சுட்டு மூடினாலும் ஆறும்போது அதே வெடிப்பு திரும்பும்.

விளிம்பில் கிளேஸ் செதிலாக உதிர்கிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். மண் அதிகம் சுருங்கி, கிளேஸ் நெருக்குண்டு விளிம்பிலிருந்து தெறிக்கிறது. கார்பனேட்டைக் குறையுங்கள். அதற்கும் முன்னால் விளிம்பைப் பாருங்கள். கத்திபோல் கூரான விளிம்பில் எந்தக் கிளேஸும் நிற்காது. ஈரத்தோலால் தடவி உருண்டையாக்குங்கள். பழைய டெல்ஃப்ட் தட்டுகளின் விளிம்பில் சிறு உதிர்வு சகஜம், சேகரிப்பவர்கள் அதைக் குறையாக எண்ணுவதில்லை. புதுப் பண்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சில நாளில் பொரிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது

உதிர்ந்த குழியின் அடியில் வெள்ளை மணி இருந்தால் அது சுண்ணாம்புக் கல். சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே உள்ளதைத் தள்ளிவிடுகிறது. நைஸ் தூள் மண்ணோடு கலந்து கரைந்துவிடும், பருமணிதான் ஆபத்து. களியைக் கூழாக்கி 80 எண் சல்லடையில் சலியுங்கள். ஜிப்சம் பலகையிலிருந்து பெயர்ந்த துணுக்கும் இதேபோல் வேலை காட்டும். ஓரம் தேய்ந்த பலகையை ஒதுக்கிவையுங்கள்.

முதல் சூடு முடிந்த பண்டங்களில் சந்தேகம் வந்தால், சூளையிலிருந்து எடுத்ததும், வெதுவெதுப்பு இருக்கும்போதே தண்ணீரில் மூழ்கவைத்து, அது உறிஞ்சுவது நிற்கும்வரை விடுங்கள். சுண்ணாம்பு அங்கேயே நீர்த்துப்போவதால் சிறு மணிகளின் தொல்லை குறையும். அதன்பின் ஓரிரு நாள் முழுக்கக் காயவைத்துத்தான் கிளேஸில் முக்க வேண்டும். ஈரப் பண்டம் கிளேஸை உறிஞ்சாது, படலம் மெல்லிசாகிச் செம்மை தெரியும். பெரிய மணிகள் உள்ள களிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதைக் கிளேஸ் போட்டு வீணாக்காமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.